கடைசி அசை

ஹோப்பாவில் வெள்ளிக்கிழமை முழுக்க மழை.
நான்காம் வகுப்பு, இருபத்தாறு பேர்.
ஹீட்டர் மேல் காயும் கையுறைகளின்
ஈரக் கம்பளி வாடையில்
கரும்பலகைக்கு நடுவே கோடு கிழித்தேன்.

நம் மொழிக்கு இறந்தகாலம் இரண்டு, பிள்ளைகளே.
கண்ணால் கண்டிருந்தால் வினைக்கு வால் 'தி'.
பிறர் சொல்லித் தெரிந்தாலோ
தடயம் பார்த்து ஊகித்தாலோ வால் 'மிஷ்'.
கெல்தி: வந்தார், நானே பார்த்தேன்.
கெல்மிஷ்: வந்தாராம். இல்லையென்றால்,
வந்திருக்கிறார் போலிருக்கிறது.

எழுவாய் முதலில் வந்து உட்காரும்,
செயப்படுபொருள் நடுவில் நெளியும்,
பயனிலை எல்லோருக்கும் பிறகுதான் வாய் திறக்கும்.
சொன்னவர் கண்டவரா கேட்டவரா என்பது
அதன் கடைசி அசையில் இருக்கிறது.
ஆகவே யாரையும் பாதிப் பேச்சில் வெட்டாதீர்கள்.

ஓக்கான் கை தூக்கினான்:
"நான் பிறந்ததற்கு எந்த வால், டீச்சர்?"
மிஷ்தான். பிறந்தேனாம்.
அங்கே இருந்தாய், ஆனால் நீ சாட்சி இல்லை.
வகுப்பு சிரித்தது. அவன் சிரிக்கவில்லை.
தன் பிறப்பை ஒரு வதந்தியாக
எழுதினான், அழித்தான்,
மறுபடி எழுதினான்.

வீட்டுப்பாடம்: சென்ற வாரம் எங்கள் வீட்டில்.

திங்கள் இரவு. மூன்றாவது கிளாஸ் தேநீர். சிவப்புப் பேனா.
துன்ஜாய் எழுதுகிறான்:
"சமையலறை ஜன்னல் உடைந்ததாம்.
பந்து அந்தப் பக்கம் போனதாம்."
உதைத்த கால் யாருடையது? என்று ஓரத்தில் கேட்டேன்.
நாளை சொல்வான், அப்போது கண்ணை மூடிக்கொண்டேன் என்று.
குலிஸார் எழுதுகிறாள்:
"பூனை என்னை வெறுத்தது." வால் 'தி'.
வெறுப்பைக் கண்ணால் காண முடியுமா?
சற்று யோசித்தேன். அந்தப் பூனையை எனக்கும் தெரியும்.
விட்டுவிட்டேன்.

பத்தொன்பதாவது நோட்டு ஷென்னூருடையது.

"அப்பா லாரியில் எல்லையைத் தாண்டினாராம்.
லார்ஸ் கணவாயில் பனியாம்.
நான்கு நாள் வரிசையில் நின்றாராம்.
ஸ்டவ்வில் பீன்ஸ் சூப் வைத்து
பக்கத்து வண்டிக்காரருக்கும் கொடுத்தாராம்.
புதன்கிழமை காலையில் எழுந்தேன்.
வாசலில் பெரிய பூட்ஸ் ஈரமாக இருந்தது.
அப்பா வந்திருக்கிறார்.
உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது.
அம்மா உதட்டில் விரல் வைத்தாள்.
நான் பள்ளிக்கு வந்தேன்.
டீச்சர் ஏழாம் வாய்ப்பாடு நடத்தினார்.
சாயங்காலம் வீட்டுக்குப் போனேன் பூட்ஸ் இல்லை.
அப்பா போயிருக்கிறார்."

ஒவ்வொரு வாலாகத் தொட்டுப் பார்த்தேன்.
பூட்ஸ், கண்டது. விரல், கண்டது.
வாய்ப்பாடு, கண்டது, கேட்டது, இரண்டும்.
அப்பா மட்டும்
தொடக்கம் முதல் முடிவு வரை மிஷ்.
பாடநூலில் அச்சிட
இதைவிடச் சுத்தமான உதாரணம் கிடைக்காது.
ஒரு பிழையாவது இருக்கக் கூடாதா என்று
பேனா தாளின் மேல் நின்றது.

அந்தப் புதன்கிழமை எனக்கு நினைவிருக்கிறது.
ஏழெட்டு ஐம்பத்தாறில்
அவள் ஜன்னலுக்கு வெளியே சாலையைப் பார்த்தாள்.
அதட்டினேன்.
அதற்கு நான் சாட்சி. இருபத்தாறு பேரும் சாட்சி.
அவள் எழுதாமல் விட்டிருக்கிறாள்.

"போனேன்" என்பதற்குப் பின்னால் ஒரு காற்புள்ளி இல்லை.
போட்டேன்.
பத்துக்குப் பத்து போட்டேன்.
'அருமை' என்று எழுத வந்த கையை
தேநீர் கிளாஸைச் சுற்றி வைத்துக்கொண்டேன்.
சூடு ஆறியிருந்தது.

இருபதாவது நோட்டு, ஓக்கான்:
"எங்கள் கோழி விடிகாலையில் ஆறு முட்டை இட்டதாம்."
ஒரே கோழியா? யார் சொன்னார்கள்? என்று
ஓரத்தில் எழுதினேன்.
எழுதிய பிறகு
இரண்டாவது கேள்வியை அடித்துவிட்டேன்.