டியில் போட்டு நாலு நொடி

மூன்று தாள் கொண்டுவந்தார் ஜெசிந்தா.
ஹைகோர்ட் டைப்பிஸ்ட்.
தேதி, நேரம், இடம், ஏ.சி. ஓடியதா இல்லையா
எல்லாம் கட்டம் போட்டு.
"பழங்காநத்தத்துல காட்டினேன், பைபாஸ்ல காட்டினேன்.
ரெண்டு பேரும் இதைத் திருப்பிக் கொடுத்துட்டு
கியர் பாக்ஸையே மாத்தணும்னாங்க.
ஒண்ணே முக்கால் லட்சம்."

நானும் வாங்கி டாஷ்போர்டில்தான் வைத்தேன்.

உத்தங்குடி, காலை எட்டரை.
வண்டி, இன்ஸ்பெக்டர் வந்த நாளின் பள்ளிக்கூடம்.
டியில் போட்டதும் நகர்ந்தது.
ரிங் ரோட்டில் எண்பது வரை விரட்டினேன்.
ஒன்றிலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து மூன்று
நூல் பிசகவில்லை.
என் இடது கால் மட்டும்
இல்லாத கிளட்சைத் தேடித் தேடி
மேட்டை மிதித்தது.
இருபத்திரண்டு வருஷப் பழக்கம்.

அளவுக் கம்பியை உருவி
பழைய தினத்தாளில் ஒரு சொட்டு.
நன்னாரி சர்பத் நிறத்தில் இருக்கவேண்டியது
கடுங்காப்பியாய்ப் பரவியது.
சிக்கந்தர் மோந்து பார்த்தான்:
"லேசா அடிப்பிடிச்ச வாடைண்ணே."

அப்போது ஒன்று சொன்னேன், சொல்லியிருக்கக் கூடாது.
"வந்த விலைக்குத் தள்ளிட்டு
கிளட்ச் வண்டி வாங்கிக்கங்க மேடம்."
அவர் பதில் பேசவில்லை.
நாற்காலியை விட்டு எழுந்தார்.
முழங்காலருகே டக்கென்று
காலிபர் பூட்டு விழும் சத்தம்.
இடது கால்.

பிறகுதான் தாளை வாசித்தேன்.

மார்ச் 4, மதியம் 2.40, கோரிப்பாளையம். ஏ.சி. ஆம்.
டியில் போட்டு நாலு நொடி கழித்து நகர்ந்தது.
மார்ச் 11, மாலை 5.55, அதே இடம். ஏ.சி. ஆம்.
ஐந்து நொடி. பின்னால் ஷேர் ஆட்டோக்காரர் திட்டினார்
(சொற்கள் பதிவு செய்யப்படவில்லை).
மார்ச் 15, ஞாயிறு, காலை 6.10, பூசைக்கு. ஒன்றுமில்லை.

முப்பத்தொரு வரி.
அதிகாலையில் ஒரு குற்றமும் இல்லை.
இருபது நிமிஷம் ஊர்ந்த பிறகே எல்லாம்.

சிக்கிக்கொள்வதற்கென்றே கிளம்பினோம்,
ரெண்டரை மணி வெயிலில்.
பாலத்து வேலைத் தடுப்புக்கும் டவுன் பஸ்ஸுக்கும் நடுவே
என்ஜின் உறுமி உறுமி நிற்க
ஸ்கேனரில் ஆயில் சூடு ஏறியது:
தொண்ணூற்றாறு. நூற்றுப் பதினொன்று.
நூற்று இருபத்தெட்டில்
என்-னிலிருந்து டிக்குத் தள்ளினேன்.
"ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு," எண்ணினார் ஜெசிந்தா.
வண்டி முதுகில் யாரோ அறைந்தாற்போல் எகிறியது.
சிரித்துவிட்டார்.
ஒரு சாட்சி கிடைத்த சிரிப்பு.

லிப்டில் ஏற்றினோம்.
கூலருக்குப் போகும் குழாயில் கை வைக்க முடியவில்லை.
திரும்பி வரும் குழாயை
கன்னத்தில் வைத்துக்கொள்ளலாம்.
டார்ச் அடித்தால், வளைவில் நசுங்கல்,
ஏதோ வேகத்தடையின் முத்தம்.
அடித்தட்டைக் கழற்றி காந்தத்தைத் துடைத்தேன்.
சாம்பல் பசை. அவ்வளவுதான்.
இரும்புச் செதில் ஒன்றுகூட இல்லை.
அந்தத் துணியை ரெண்டு தடவை விரித்துப் பார்த்தேன்,
நம்பாமல்.

குழாய், பில்டர், ஆயில், கூலி:
பதினாலாயிரத்து எழுநூறு.

"மூச்சுக் குழாய் அடைச்ச மாதிரி மேடம்,
வெயிலேற வெயிலேற இளைக்குது" என்று விளக்கினேன்.
"கூலர் குழாய்னே சொல்லுங்க.
ஒரு வார்த்தை மாறினா
தீர்ப்பு மாறுறதை நான் டைப் அடிச்சிருக்கேன்."

மார்ச் 27. அவர் ஓட்ட நான் பக்கத்தில்.
அங்கேயும் என் இடது கால் எதையோ மிதித்தது.
அவர் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை.
சிக்னலில் தாளை ஸ்டியரிங்கின் மேல் வைத்துப்
பேனாவால் எழுதினார்:
மதியம் 3.15, கோரிப்பாளையம். ஏ.சி. ஆம். ஒன்றுமில்லை.

யோசித்து, பக்கத்தில் சேர்த்தார்:
இன்றைக்கு.