ராசியில்லாத நாற்காலி

மொக்கோட்லொங் மலையில் பாதை முடிகிற இடத்தில்
எங்கள் ஆஸ்பத்திரி.
ஐந்து அறை, ஒரு தகரக் கூரை,
ஜூலையில் வாசல்படிவரை பனி.
இங்கே தெற்கிலிருந்து வருவது தென்றல் இல்லை;
கன்றுக்குட்டியின் காதைக் கருக்கிவிடும்.
அதனால் ஜன்னலை அடைத்தே வைத்திருந்தோம்.
யாரைக் குறை சொல்ல?
பதினோரு குளிர்காலம்
கொக்கியை மாட்டியது என் கைதான்.

மூன்றாம் அறையில்
ஜன்னலுக்கு முதுகு காட்டி என் நாற்காலி.
மேசை. எதிரே, கதவோரம், பெஞ்சு.
பெஞ்சில் உட்காருகிறவர்கள் இருமுவார்கள்,
அதற்குத்தானே வருகிறார்கள்.
தங்கச் சுரங்கத்திலிருந்து திரும்பிய ஆண்கள்,
நெஞ்சுக்குள் அடுத்த நாட்டுப் பாறைத்தூளோடு.
வரட்டிப் புகை மணக்கும் கம்பளிக்குள்
ஒடுங்கி உட்காரும் பெண்கள்.

எனக்கு முன் அந்த நாற்காலியில் லிபுசெங்.
இரண்டு வருட ஊசி.
உயிர் மிஞ்சியது, ஒரு காது போயிற்று.
அவளுக்கு முன் செபோலெலோ.
அவளைப் பற்றி நாங்கள் அதிகம் பேசுவதில்லை.
பிறகு எனக்கு.
ஆறு மாதம் மாத்திரை,
சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போக
கழிப்பறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.
சமையல்கட்டில் சொல்லிக்கொண்டார்கள்:
அந்த நாற்காலிக்கு ராசியில்லை.
நானும் தலையாட்டினேன்.
பாடம் படித்த நர்ஸ், நானும்.

ஆகஸ்டில் ரமொட்ஸோ என்று ஒருவர் வந்தார்.
கருவி கொண்டுவருவார் என்று நினைத்தோம்.
சட்டைப் பையிலிருந்து எடுத்தது
ஒரு பாக்கெட் ஊதுபத்தி.
"யாருக்குச் சாவு?" என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
பெஞ்சில் போய் உட்கார்ந்தார், நோயாளி மாதிரி.
வாய்க்கு நேரே பிடித்துக் கொளுத்தினார்.

புகை எழுந்தது.
கொஞ்சம் யோசித்தது.
கதவிடுக்குக் காற்று முதுகில் கைவைத்துத் தள்ள
மேசை ஏறி, பதிவேட்டைத் தாண்டி,
மருந்துச்சீட்டுக் கட்டைத் தடவி,
வழி கேட்காமல் வந்து
என் மூக்கில் நுழைந்தது.
சந்தனம்.

பதினோரு வருடம்
சந்தனம் இல்லாமல் வந்ததும் இதே வழி.

வாசலில் நின்ற லிபுசெங்
நல்ல காதைத் திருப்பிக்கொண்டு
"அப்படியா" என்றாள்.
வேறொன்றும் சொல்லவில்லை.

மேசையை அரைவட்டம் திருப்பினோம்.
நாற்காலி கதவோரம், பெஞ்சு ஜன்னலோரம்.
கொக்கியைக் கழற்றி வீசினேன்.
ஜன்னல் மூடாமலிருக்க ஒரு செங்கல்.
கழிப்பறை கட்டி மிஞ்சியது.
இரண்டாவது ஊதுபத்தியின் புகை
என்னைத் தெரியாதது போல வெளியே போயிற்று.

எல்லோரும் கை தட்டினார்கள்.
எனக்குக் கோபம் வந்தது.
ஒரு செங்கல்லா?
செபோலெலோவின் மகனுக்கு
இதை எந்த வாயால் சொல்வேன்?

இப்போது காத்திருக்கும் இடம் வெளியே, வெயிலில்.
இருமுகிறவர் முதலில் உள்ளே வரலாம்.
இரண்டே நாளில்
வரிசை முழுக்க இருமத் தொடங்கியது,
பல்வலிக்காரர் உட்பட.
சிரிப்பை முகக்கவசத்துக்குள் வைத்துக்கொள்கிறேன்.
மூக்குத்தண்டில் கம்பியை அழுத்துகிறேன்.
மாலையில் கழற்றினால்
கன்னத்தில் கோடு, பிறந்ததிலிருந்தே இருந்தது போல.

நேற்று ஒரு மேய்ப்பன், பதினாறு வயதிருக்கும்.
உட்கார்ந்ததும் எழுந்து
செங்கல்லை எடுத்து ஜன்னலைச் சாத்தினான்.
"செத்துப்போவேன், குளிர்."
நான் பாடம் நடத்தவில்லை.
அலமாரியிலிருந்து இன்னொரு கம்பளி கொடுத்தேன்,
ஜன்னலைத் திறந்தேன்.
முறைத்தான்.
இருவருக்கும் பல் கிட்டியது.

குளிரில் ஒரு வசதி:
ஊதுபத்தி வேண்டாம்.
பெயர் கேட்டேன். சொல்வதற்குள் இருமினான்.
வெள்ளையாக ஒரு கொத்து மூச்சு
அவன் வாயருகே ஒரு கணம் நின்றது.
பேனாவை வைத்துவிட்டுப் பார்த்தேன்.
அது திரும்பியது,
அவன் தோளைத் தாண்டி,
செங்கல்லைத் தாண்டி,
யாருமில்லாத மலைக்குப் போயிற்று.
"இன்னொரு தடவை சொல்லு" என்றேன்,
"பேரை."