பால்வெட்டு நேரம்

மூன்று மணிக்கு நான் எழும்புவது
மரநாய்க்கும் தெரியும்.
தலைவிளக்கு ரப்பர் வரிசைக்குள் மறைந்ததும்
கூட்டுக்கு இறங்கிவிடும்.

செவ்வாய்க்கிழமை கருங்கழுத்து.
வியாழன், அடைகிடந்தவள்.
பதினொரு முட்டையும் ஆறிப்போய்க் கிடந்தன.

குளச்சல் மச்சினன் பழைய வலை தந்தான்,
மீன்வாடை போகாத வலை.
கூட்டைச் சுற்றி இரட்டையாய்க் கட்டி
பால் ஒழுகும் ஓட்டைச் சிரட்டைகளைக் கோத்துவிட்டேன்.
தோண்டாமலிருக்க அடியில்
கால்வாய்க்கரைக் கல்.

நேற்று நாற்பதாவது மரத்தில் கத்தி வைக்கையில்
சிரட்டைகள் கூடிப் பேசின.

ஓடி வந்தால்
வலைக்குள் ஒரு பின்னங்கால், பல், கண்.
அது என் விளக்கைப் பார்த்தது.
நான் அதன் மடியைப் பார்த்தேன்,
பால் கட்டியிருந்தது.

பட்டை சீவுகிற அதே சாய்வில்
நாலு கண்ணி அறுத்தேன்.
மணிக்கட்டைக் கீறிவிட்டுப் போயிற்று,
காட்டுக்கு அல்ல,
றசலையன் வீட்டுப் பக்கம்.

போன் அடித்தேன்:
"கூட்டுக் கதவைப் பாரும் ஓய்,
ஒருத்தி வாறா."

விடிந்ததும் குலசேகரம் ஆஸ்பத்திரியில்
ஊசிச்சீட்டு எழுதிய நர்ஸ் கேட்டாள்,
"கடிச்சது வளர்ப்பா?"

கடிக்கல்லை, கீறினது.
பிறகு யோசித்துச் சொன்னேன்:
என் கோழியிலதான் வளருது.