இனமொழி விடை

திங்கள் இரவு. ஈசூன். புளோக்கின் கீழ்த்தளம்.
மடக்கு மேசை, வரிசை எண் சீட்டு.
அவருக்கு நாற்காலி போட வேண்டியிருக்கவில்லை,
புனிதவதி தன்னுடையதிலேயே வந்திருந்தார்.

"ஏழு பத்துக்கு ஒரு பஸ்.
என் இடத்தில் தள்ளுவண்டி, உள்ளே குழந்தை தூங்குது.
டிரைவர் கையை விரிக்கிறார்.
அடுத்ததுல கதவுவரைக்கும் ஆள்.
மூணாவதுல எனக்கு முன்னாடியே இன்னொரு சக்கர நாற்காலி.
அவர்கிட்ட கோபப்பட முடியுமா, சொல்லுங்க?
ரெண்டு பேரும் சிரிச்சுக்கிட்டோம்."

எழுதிக்கொண்டேன்.
எழுதியதிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தேன்:
முதலில் பெயர்.
பிறகு தூங்கிய குழந்தை.
கடைசியாக, மனசில்லாமல், அந்தச் சிரிப்பு.
வடிகட்டியதில் தேங்கியது
நாடாளுமன்றக் கேள்வி.

போக்குவரத்து அமைச்சரைக் கேட்க:
(அ) கடந்த மூன்றாண்டில், காலை உச்ச நேரத்தில்,
இத்தடத்தில் பேருந்துகளின் சராசரி இடைவெளி என்ன;
(ஆ) அதைக் குறைக்கும் திட்டம் உண்டா.

முற்றுப்புள்ளி கடைசியில் ஒன்றே ஒன்று,
நடுவில் எல்லாம் அரைப்புள்ளி.
எங்கள் உறுப்பினர் அதில் கண்டிப்பு.
எழுத்திலேயே கேட்போம் என்றார்.
எழுதித் தந்ததைப் பிறகு
மென்று விழுங்க முடியாது.

வந்தது பதில்: எட்டு நிமிடம், சராசரி.

சராசரி.
'சரி'யை வயிற்றில் வைத்துக்கொண்டே
பிறந்த சொல்.
ஓர் எழுத்தும் பொய்யில்லை.
எட்டு நிமிடத்துக்கு ஒரு பஸ் வந்தது.
ஏறினாரா என்று
நான்தான் கேட்கவில்லை.

உயர்நிலை மூன்றில் மனப்பாடம் செய்தது:
வினா ஆறு வகை, விடை எட்டு.
ஆடுவாயா என்றால் பாடுவேன் என்பது இனமொழி.
பதிலின் இரண்டாம் பத்தி:
எல்லாப் பேருந்திலும் சாய்தளம் உண்டு,
ஓட்டுநர்க்குப் பயிற்சி உண்டு.
நன்றாகவே பாடியிருந்தார்கள்.

அமைச்சிலும் ஒருவர் இருப்பார்,
ஆறிப்போன கோப்பியோடு இரவு பதினொன்றுக்கு
என் அரைப்புள்ளிகளை முறைத்தபடி.
அவருக்கும் கடைசி பஸ் உண்டு.

மறுபடி எழுதினோம்.
(அ) இடமின்றிச் சக்கர நாற்காலிப் பயணி
விட்டுச்செல்லப்பட்ட தடவைகள் எத்தனை;
(ஆ) அவை எண்ணப்படுகின்றனவா;
(இ) இல்லையெனில், ஏன் இல்லை.

அத்தகைய தரவு தற்போது திரட்டப்படுவதில்லை;
ஆராயப்படும்.

உறுப்பினர் மேசையைத் தட்டினார், ஜெயித்தவர்போல.
எனக்கு உறைக்கச் சற்று நேரம் ஆயிற்று.
ஓர் 'இல்லை'யை அச்சில் ஏற்ற
நான்கு மாதம் பிடித்திருக்கிறது.

அடுத்த திங்கள் புனிதவதியிடம் தாளைக் கொடுத்தேன்.
இரண்டு முறை படித்தார்.
"யாரும் எண்ணலையா?"
பையைத் திறந்து ஒரு குட்டி டைரியை வைத்தார்.
தேதி, மணி, பஸ் எண், காரணம்.
சென்ற பிப்ரவரியிலிருந்து.
முப்பத்தேழு வரிகள், நீல மையில்,
பஸ் நிறுத்தத்து எழுத்து, கொஞ்சம் ஆடி ஆடி.

சில வரிகளின் ஓரத்தில் சின்ன வட்டம்.
இது என்ன என்றேன்.

"அன்னைக்கு மழை."