அக்கரையில் ஆப்பிள்

ஹாமர்ஃபெஸ்டில் சூரியன் விடுப்பெடுத்து
மூன்று வாரம்.
பிற்பகல் மூன்று மணிக்கே ஜன்னல்
ரசம் பூசிய கறுப்பு.
ஓட்வாரின் சமையலறை மேசையில் விரிந்த வரைபடத்தில்
காப்பிக் கறை ஒன்று.
ஏரி என்றே வைத்துக்கொண்டோம்.
போன மாதம் அதில் படகுகூட விட்டோம்.

ஓட்வார் பகலில் பனி தள்ளும் வண்டி ஓட்டுபவன்.
இங்கே அவன்தான் வானிலை, வழிப்போக்கன்,
பூதம், பூதத்தின் பசி.
ஓஸ்னே வில்லாளி.
நான் கோடரிக்காரன்:
மீன் ஆலையில் நாளெல்லாம் தலை வெட்டுபவனுக்கு
வேறென்ன தோன்றும்?
சில்யே படகுத்துறையில் சீட்டுக் கொடுப்பவள்.
மேசைக்கு வந்தால் முழங்கால் உயர மாயக்காரன்,
பெயர் முக்கால்விரல்.

நெருப்பெறியத் தெரியாத மந்திரவாதி
எதற்கு என்று முதல்நாள் கேட்டேன்.
"நெருப்பு எரித்ததும் அணைந்துவிடும்.
நெருப்பென்ற நினைப்பு
ஓடுகிறவனோடே ஓடும்" என்றாள்,
பென்சில் சீவிக்கொண்டே.

சிறையில் கிடந்தபோது
எங்கள் கூண்டுக்குள்ளேயே
காலிக் கூண்டொன்றைத் தொங்கவிட்டாள்.
காவலர்கள் எட்டிப் பார்த்தார்கள், அலறினார்கள்,
பூட்டைத் திறந்துபோட்டு எங்களைத் தேட ஓடினார்கள்.
நாங்கள் மூலையில், மூச்சைப் பிடித்தபடி.

வரிக்கொள்ளைக்காரப் பிரபு ஒருவன்.
அவனை ஒன்றும் செய்யவில்லை.
அவன் நிலைக்கண்ணாடிக்கு மட்டும்
அம்மை போட்டுவிட்டாள்.
நான்கு நாள் அவன் அறையைவிட்டு வெளியே வரவில்லை.
கஜானா வந்தது.

நேற்று கதை முற்றியது.
பின்னால் நாற்பது பூதங்கள்.
முதல் பள்ளத்தாக்கில்
வெறுங்காற்றின்மேல் ஒரு மரப்பாலம் தீட்டினாள்.
ஏழு பூதங்கள் நம்பின.
அவை விழுந்த சத்தத்தை
ஓட்வார் வாயாலேயே போட்டுக் காட்டினான்,
ஏழு விதமாக.
இரண்டாம் பள்ளத்தாக்கில் இன்னொரு பாலம்.
ஐந்து.
மூன்றாவதில் அவளிடம் மந்திரம் தீர்ந்துபோயிற்று.
என் உயிர்ப்புள்ளி இரண்டு.
ஓஸ்னேயிடம் அம்பில்லை.
குறுக்கே ஒரு கல்பாலம்,
மெய்யானது,
எந்த ராஜா கட்டியதோ, யானை போனாலும் தாங்கும்.
கடந்தோம்.

"இப்போது என்ன செய்கிறாய்?"
"அக்கரையில் உட்கார்ந்து ஆப்பிள் தின்கிறேன்."
"அவ்வளவுதானா?"
"கையசைக்கிறேன். வாருங்கள், பாலம் நன்றாக இருக்கிறது
என்று கூப்பிடுகிறேன்."

ஓட்வார் சிரிக்கவில்லை.
அட்டைத் தடுப்புக்குப் பின்னால்
இருபது முகப் பகடையை உருட்டினான்.
பூதத் தலைவனின் புத்திக்கு ஓர் உருட்டு,
விதி அப்படி.
அவனுக்கு இடப்பக்கம் அந்தக் கறுப்பு ஜன்னல்.
அதில் பகடை எனக்குத் தெரிந்தது:
இடம் வலம் மாறிய இருபது.
தலைவனுக்கு எல்லாம் விளங்கிவிட்ட எண்.
எங்களுக்குச் சாவு.

ஓட்வார் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.
குளிர்பெட்டி ஒருமுறை உறுமி ஓய்ந்தது.

"நாலு" என்றான்.
"தலைவன் கல்லைத் தட்டிப் பார்க்கிறான்.
கணீரென்று ஒலிக்கிறது.
'ஒலியையும் செய்திருப்பான் அந்தக் குள்ளன்' என்கிறான்.
ஒரு கல்லைத் தூக்கிப் பாலத்தில் போடுகிறான்.
கல் நிற்கிறது.
'பார், கல் நிற்பதுபோலவும் காட்டுகிறான்.'
படை திரும்புகிறது.
மலையைச் சுற்றிவர மூன்று நாள் ஆகும்."

சில்யே சிரித்தாள்.
நாற்காலி பின்னுக்குச் சாய,
மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தாள்.
அவள் சிரித்துப் பார்த்தது ஆகஸ்டில்.
நடுவில் நடந்ததை
இந்த மேசையில் யாரும் பேசுவதில்லை.

ஓட்வார் பகடையைப் பொத்தி எடுத்தான்.
நிமிர்ந்தபோது ஜன்னலில்
அவன் கண்ணும் என் கண்ணும்.

எழுந்து போய்த் திரைச்சீலையை இழுத்துவிட்டேன்.
"குளிருது" என்றேன்.

மூன்றடுக்குக் கண்ணாடி அது.
குளிர் எங்கே வரும்?

யாரும் பகடை உருட்டிப் பார்க்கவில்லை.