வானம் பார்த்த பிழைப்பு

மழை வந்தால் எங்களுக்கு நஷ்டம்.
இதுவும் வானம் பார்த்த பூமிதான்,
ஆனால் மேகம் தட்டிவிடக் கூடாதே என்று பார்க்கிற வானம்.
சான் லினோவில் கடைசியாக மழையில் நனைந்தது
என் கல்யாணத்துக்கு மறுநாள் காயப்போட்ட மேசைவிரிப்பு.

ஆளுக்கு இருபத்தைந்தாயிரம் பெசோ.
போர்வை, சூடான சாக்லெட்,
சிவப்புத் தாள் ஒட்டிய டார்ச் உட்பட.
கைப்பேசிகளை ஒரு கூடையில் வாங்கி மூடிவிடுவேன்.
கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிடம்.
விமானத்தில் தொடங்கிய சண்டைகளைத்
தம்பதிகள் கிசுகிசுத்து முடிப்பது அப்போதுதான்.

பிறகு சனி.
எந்த நாட்டுக்காரரும் அந்த வளையத்தைக் கண்டதும்
ஒரே சத்தம்தான் போடுகிறார்,
சுட்ட உருளைக்கிழங்கை அப்படியே வாயில் போட்டவர் மாதிரி.

பிறகு லாமா.
பால்வீதிக்குள் ஓடும் கறுப்புத் திட்டுகளைக் காட்டி
இது கழுத்து, இது வயிறு, இது பால் குடிக்கும் குட்டி என்பேன்.
நட்சத்திரங்களைக் கோத்து வரைந்ததல்ல,
நட்சத்திரம் இல்லாத இடங்களால் ஆன உயிர்.
சிலருக்குத் தெரியவே தெரியாது.
தெரிந்துவிட்டவர்கள் பிறகு வேறெதையும் பார்ப்பதில்லை.

கடைசியில் எப்போதும் அந்தக் கேள்வி:
தெற்கே அது என்ன, நிலா வருகிறதா?
சுரங்கம், என்பேன்.
மலைமேல் கவிழ்த்த மஞ்சள் கிண்ணமாய் ஒரு வெளிச்சம்,
லாமாவின் குளம்புகளைத் தின்றுவிட்டு நிற்கும்.
அதற்குள் எங்கோ ஓனோஃப்ரே லாரி ஓட்டுகிறான்,
பதினோரு ஆண்டாக, இரவு ஷிஃப்ட்.
இந்தத் தொலைநோக்கியின் தவணையைக் கட்டியது
அந்த வெளிச்சம்தான் என்று சொல்ல மாட்டேன்.
அவன் படுக்கும்போது நான் எழுவேன்.
படுக்கையின் சூடு மட்டும் வீணாவதில்லை.

ஜூலையில் வேலைநிறுத்தம்.
ஒன்பதாம் இரவு கம்பெனி விளக்குகளையும் அணைத்துவிட்டது.

அன்று லாமாவுக்கு நான்கு குளம்பும் இருந்தன.
மெகல்லன் மேகங்கள் இரண்டும்
தொட்டால் விரலில் மாவாய் ஒட்டும் போல.
லியோனிலிருந்து வந்த பல் மருத்துவர் அழுதார்,
அழுததற்கு மன்னிப்பும் கேட்டார்.
கொடுத்துவைத்தவள் நீ, தினமும் இது, என்றாள் அவர் மனைவி.
மளிகைக்கடை பெர்முதேஸ் அன்று காலைதான்
கடன் நோட்டில் என் பக்கம் நிறைந்துவிட்டதென்று
புதுப் பக்கம் புரட்டிக் காட்டியிருந்தார்.

அங்கே ஒரு சிவப்பு நட்சத்திரம், என்றான் அவர்கள் பேரன்.
பெயர் என்ன?

மலைச்சரிவின் நடுவே நட்சத்திரம் உதிக்காது.
குழாயைத் தாழ்த்தினேன்.
இதில் எல்லாமே தலைகீழாகத்தான் தெரியும்.
சனிக்கு அது ஒரு பொருட்டில்லை,
மனிதர்கள் உடனே அகப்பட்டுக்கொள்கிறார்கள்.

தீ கீழ்நோக்கி எரிந்தது.
டயர்கள், சுரங்கத்து வாயில் கம்பி,
ஒரு பொதுப்பானை. அதன் ஆவி பள்ளத்தில் கொட்டியது.
சுற்றிலும் ஆட்கள் வௌவால்களாய்த் தொங்கினார்கள்.
ஒருவன் கையில் கரண்டி.
ஒருவன் கைகளைக் கக்கத்தில் செருகியிருந்தான்,
ஓனோஃப்ரே அப்படித்தான் குளிர் காய்வான்.
எல்லோரும் அப்படித்தான் குளிர் காய்வார்கள்.

எவ்வளவு தூரம்? பையன் விடவில்லை.
இந்தக் கேள்விக்கு என்னிடம் எல்லாம் மனப்பாடம்:
வெளிச்சம் வந்து சேர எண்பது நிமிடம்,
நாலேகால் ஆண்டு,
ஒரு லட்சத்து அறுபதாயிரம் ஆண்டு.
பதினேழு கிலோமீட்டர், என்றேன்.
அவனுக்கு ஏமாற்றம்.

வரிசையில் அடுத்தவர் இருமினார்.
நான் கண்ணை எடுக்கவில்லை.
கக்கத்தில் கை செருகியவன்
மெல்ல இந்தப் பக்கம் திரும்பினான்.

அங்கிருந்து பார்த்தால்
நாங்கள் வெறும் இருட்டு.