விரிசலுக்குத் தனிக் கணக்கு

டன்லப் தெருவில் பழைய கடைவீடு,
அடுத்த வாரம் இத்தாலியச் சாப்பாட்டுக்கடை.
எனக்கு வேலை
அதன் சுவரொன்றை இரண்டாயிரம் வயதாக்குவது.
சதுர அடிக்கு நாற்பது வெள்ளி.
விரிசலுக்குத் தனிக் கணக்கு.

மாதிரிக்குப் படம் அனுப்பியிருந்தார் திரு. கோ.
ரோமாபுரியில் ஏதோ ஒரு வீடு.
இரு விரலால் விரித்துப் பார்த்தேன்:
சிவப்பு, சிவப்பின் மேல் கொடி,
கொடியில் ஒரு குருவி
வயிற்றோடு நின்றுவிட்டது.
தலை காரையோடு உதிர்ந்திருக்கிறது.
கூரை போய், கதவு போய், ஆட்களும் போய்
ஈரச் சுண்ணாம்பு குடித்த சிவப்பு மட்டும்
போகாமல் இருக்கிறது.
"இதே மாதிரி. கொஞ்சம் சுத்தமாக" என்றார்.

ஷொஹிதுல் சுவரைத் தட்டிக்கொண்டே வந்தார்.
டொக் டொக் என்பது
பொத்தென்று மாறிய இடத்தில் உளியை வைத்தார்.
சட்டியை விட்டுத் தோசை எழுவதுபோல்
உள்ளங்கை அகலக் காரை எழுந்து வந்தது.
பால்வெள்ளைக்குக் கீழே காப்பி நிறம்,
அதற்கும் கீழே ஆஸ்பத்திரிப் பச்சை,
அடியில்
வேட்டிக்குப் போடும் நீலம் கலந்த சுண்ணாம்பு.
நீலத்தில் அச்சுப் பூ, தலைகீழாய்.
தகட்டை மாற்றி வைத்துவிட்டார் யாரோ.
கவனித்தும் இருக்கிறார்:
பக்கத்துப் பூ நேராக நிற்கிறது.
அதன் ஓரம் பென்சிலில், தமிழில்,
'சித.வுக்குப் பாக்கி 3 வெள்ளி.'

படித்துச் சொன்னேன்.
"அவருக்குக் கிடைத்ததா?" என்றார் ஷொஹிதுல்.
ஏஜெண்டுக்கு அவர் கட்ட வேண்டியது
இன்னும் பதினொரு மாதம்.

திரு. கோவுக்கு அழைத்தேன்.
"ஓட்டையா? பூசி மூடு. வியாழன் திறப்பு."

அன்றிரவு சிவப்பைக் குழைத்தேன்.
பொய் விரிசல் சுலபம்,
கையைக் கொஞ்சம் நடுங்க விட்டால் போதும்.
எல்லா விரிசலையும் அந்த ஓட்டைக்கே இழுத்துவந்து
விளிம்பில் தூரிகையை நிறுத்தினேன்.
கொடியைப் பூவுக்கு மேலாக வளைத்துவிட்டேன்.
குருவிக்குத் தலை வைக்கவில்லை.
ஷொஹிதுல் விளக்கை நகர்த்திப் பிடித்தார்,
கேட்காமலேயே.

வியாழன்.
திரு. கோ சுவர் நெடுக நடந்தார்.
நீலத்தருகே நின்றார். நகத்தால் லேசாகச் சுரண்டினார்.
"மற்றதெல்லாம் பெயிண்ட் என்று தெரிகிறது.
இது மட்டும் நிஜம் போலவே.
இதற்கு எவ்வளவு போட்டீர்கள்?"

"மூன்று வெள்ளி."

சிரித்தார். கொடுத்தார்.
வரவுசெலவுக்கு ரசீது வேண்டுமாம்.
அஞ்சடியில் நின்று
முழங்கால்மேல் காகிதத்தை வைத்து எழுதினேன்:
பெற்றுக்கொண்டவர், சித.